நாளுக்குப் பத்துப் பெரிய சொற்கள்

உயர்நிலை ஆங்கிலச் சொற்களைப் படிப்பிக்கிறவருக்கு அவற்றைப் பேசவும் துணிச்சல் இருக்கும் என்று எல்லோரும் நம்பிவிடுகிறார்கள். அகராதி முழுக்க அடிக்கோடு போட்டும் நாலு பேர் முன்னால் வாய் திறக்காத என்னைப் போன்றவர்களே, உண்மை உங்களுக்குத் தெரியும்.

மூன்றாம் முறை

களுவாஞ்சிக்குடியில் நான் நடத்தும் வகுப்புக்கு, கரடியனாற்றிலிருந்து பஸ்ஸில் வந்தார் சுமதி அக்கா. ஆஸ்பத்திரியில் தாதி, நோயாளிகளுக்கு 'மிஸி'; என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கணவர் லண்டனில் இருக்கிறார். ஆங்கிலப் பரீட்சையில் தேறி அங்கே தாதி வேலை கிடைத்தால், இரண்டு பிள்ளைகளோடும் போய்ச் சேரலாம். பேச்சுத் தேர்வில் இரண்டு முறை தவறியிருந்தார். நாளுக்குப் பத்துச் சொற்கள் என்று பட்டியலை நீட்டினேன்.

"சொல்லு போதாமத்தான் விழுந்தன் மிஸ். இந்த முறையும் விட்டா இனி எழுத மாட்டன்."

சட்டைப் பை

சொற்களைத் துண்டுக் கடதாசியில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வார்டில் நடக்கும்போதெல்லாம் முணுமுணுத்திருக்கிறார். ஊசிக்குக் காத்திருந்த அம்மா ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

"மிஸி, மந்திரம் ஓதினது போதும்கா. நோகாமக் குத்துங்க!"

ஒத்திகை

நீங்கள் உதவிய ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்றேன். பட்டியலில் ஒரு சொல்லையும் விடாமல் இரண்டு நிமிடம் பேசினார். யாரைப் பற்றி என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. தமிழில் கேட்டேன். உன்னிச்சை ஊரில் யானை அடித்து வார்டுக்கு வந்த ஒரு ஐயா. சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோகும்வரை அவர் அக்காவின் கையை விடவில்லை. வேலை நேரம் முடிந்தும் அக்கா வீட்டுக்குப் போகாமல் நின்றிருக்கிறார். இதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க தந்த சொல்லுக்குள்ள அந்த ஐயா வரல்லையே, மிஸ்."

எதிர்க் கேள்வி

தெரிந்த சொற்களிலேயே சொல்லுங்கள் என்றேன். அவர் என்னை உற்றுப் பார்த்து, "இந்தச் சொல்லுகளை நீங்க ஆரோட கதைச்சிருக்கிறீங்க?" என்றார். யாரோடும் இல்லை. அன்றிலிருந்து பட்டியலை மூடிவிட்டு, இருவரும் திக்கித் திக்கி ஆங்கிலத்தில் கதைக்கத் தொடங்கினோம். நான் பாதி வாக்கியத்திலேயே தமிழுக்குத் தாவினேன்.

"பயப்படாதீங்க மிஸ், நானும் பயந்துதான் கதைக்கிறன்."

பெறுபேறு

பரீட்சை முடிவு வந்த அன்று அக்கா வார்டிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். எடுத்ததும் அழுகைதான் கேட்டது. இந்த முறையும் தவறிவிட்டார் என்றே நினைத்தேன்.

"கிடைச்சிட்டு மிஸ்! பிள்ளையளுக்கு இன்னும் சொல்லல்ல. அழுது முடிச்சிட்டுச் சொல்லுவம் எண்டு."

அந்தத் தேர்ச்சியில் என் பட்டியலுக்கு எவ்வளவு பங்கு என்று புதிதாகச் சேர வருகிறவர்கள் யாரும் கேட்காததால்தான், என் வகுப்பு இன்னும் நடக்கிறது.