கைராசி டீச்சர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் அவருக்குக் கைராசி டீச்சர் என்று பெயர். வைத்தது நாங்கள்தான், அவரோ அதைக் கௌரவப் பட்டம் என்று நினைத்துக்கொண்டார். புத்தி மெதுவாக ஓடும் பிள்ளைகளுக்கு வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்து உதவுவது அவர் வேலை. நான்காம் வகுப்பில் அப்படி ஒருத்தி இருந்தாள், துணி தேய்க்கும் கடைக்காரம்மாவின் மகள்.

உதவி என்றால் சாதாரண உதவி இல்லை. பிள்ளை பென்சிலைத் தொடுவதற்குள் இவர் கை அவள் கைமேல் ஏறி உட்கார்ந்துவிடும். பிடித்த பிடியில் எழுதித் தள்ளுவார். வண்ணம் தீட்டுவார், பொத்தான் போடுவார், சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். விட்டால் அவளுக்கு வரும் தும்மலையும் இவரே தும்மிவிடுவார். போன வருஷம் ஓவியப் போட்டியில் அவளுக்கு முதல் பரிசு. ஐம்பது வயசுக்காரி ஒன்பது வயசுப் பிள்ளைகளை ஓட ஓட ஜெயித்ததை அன்றுதான் பார்த்தேன். மேடையேறி ஒரு கும்பிடு வேறு.

"கொஞ்சம் அவளையே செய்ய விடுங்களேன் டீச்சர்," என்று ஆயா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"அவ செஞ்சு முடிக்கிறதுக்குள்ள எனக்கு பென்ஷனே வந்துடும், போடி."

ஒருநாள் பிள்ளையைச் சோதித்துப் பார்க்க மேலிடத்திலிருந்து அதிகாரி ஒருவர் வந்தார். பிள்ளை தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டால் இதே வகுப்பில் தோழிகளோடு இருக்கலாம். இல்லாவிட்டால் வெளியூர்ப் பள்ளி, அங்கேயே தங்க வேண்டும். அம்மாக்காரி கடையைப் போட்டது போட்டபடி ஓடிவந்து சுவரோரம் நின்றாள். டீச்சரோ பரிசு வாங்கக் கிளம்பியவர் மாதிரி சிங்காரித்து வந்திருந்தார்.

அதிகாரி பிள்ளையின் பையிலிருந்த சாமான்களை மேசைமேல் பரப்பினார். "பாப்பா, உன் பையை அடுக்கு. டீச்சர், நீங்க தொடக்கூடாது."

பிள்ளை வலது கையை டீச்சர் பக்கம் நீட்டினாள். விரல்களைத் தொளதொளவென்று போட்டுக்கொண்டு, பிடிப்பார் என்று காத்திருந்தாள். இத்தனை நாளில் டீச்சரம்மா அவளுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது ஒன்றுதான்.

டீச்சருக்கு அசடு வழிந்தது. கீழே வாளி வைத்திருந்தால் நிரம்பியிருக்கும்.

"இன்னைக்கு அவளுக்கு மூடு சரியில்ல சார்."

அதிகாரி பேனா மூடியைத் திருகினார்.

"எழுதிடாதீங்க சார்," என்றாள் அம்மா. "இவங்க பக்கத்துல இருந்தா அவ அசையமாட்டா. டீச்சரம்மா, கொஞ்சம் வெளிய நில்லுங்க."

"நான் இல்லன்னா அவ தண்ணிகூட குடிக்கமாட்டா."

"வீட்ல எனக்கே அவதான் மொண்டு தர்றா. போங்க."

டீச்சர் தரை அதிர வெளியே போனார். பிள்ளை நீட்டிய கையைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு மடக்கிக்கொண்டாள். புத்தகம் உள்ளே போனது. டப்பா போனது. தண்ணீர் பாட்டிலுக்கு இடமில்லை. டப்பாவை வெளியே எடுத்துப் படுக்கவைத்தாள், பாட்டில் நின்றது. ஜிப் பாதியில் மாட்டிக்கொண்டதும் பையை முழங்காலுக்கு நடுவில் இடுக்கி ஒரே இழுப்பு. அதற்குள் அதிகாரியின் டீ ஆறி, ஆடை கட்டி, பாலாகவே திரும்பிப் போயிருக்கும்.

"இவ இங்கேயே படிக்கட்டும்," என்றார் கடைசியில்.

கதவிடுக்கில் ஒரு தலை முளைத்தது. "பாத்தீங்களா சார்? எல்லாம் நான் சொல்லிக் குடுத்தது."

"ஆமாங்க," என்றாள் அம்மா. "இனிமே அங்க நின்னே சொல்லிக் குடுங்க. நல்லா வருது."