டீச்சர் தலையாட்டும் வரை

எவெலியா டீச்சருக்கு வணக்கம் சொன்னால் கையைத்தான் தூக்குவார். தலை மட்டும் அசையாது. சந்தையில் தக்காளிக்குப் பேரம் பேசும்போதும் அப்படித்தான், கழுத்தில் சுளுக்கு விழுந்தவர் மாதிரி. எங்கள் ஊர் ஷேலாவுக்குப் புதிதாக வருகிறவர்கள் ‘எவ்வளவு திமிர்!’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். திமிரெல்லாம் இல்லை, தொழில்.

கன்னியாஸ்திரிகள் நடத்தும் பள்ளியில் பாட்டு டீச்சர் என்பது சோற்றுக்கு. உண்மையில் அவர் இசையமைப்பாளர், மாரிம்பாவுக்கு எழுதுகிறார். நீள மேசைபோல் கால் ஊன்றி நிற்கும் அந்த மரக்கட்டை வாத்தியத்தில் நான்கு பேர் தோள் உரச நின்று அடிப்பார்கள், டீச்சரும் அதில் ஒருவர். டீச்சரின் பாட்டில் ஒரு சின்னத் துண்டு வரும். அதையே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்க வேண்டும். டீச்சர் தலையாட்டினால்தான் அடுத்த துண்டு. அதிலும் ஒரே ஒரு சுரம் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். இதற்கு மினிமலிசம் என்று பெயர். ஹாலந்தில் படிக்கப் போன காலத்தில் பிடித்துக்கொண்டது. அங்கே பிடித்த குளிர், ஊர் திரும்பியதும் விட்டுவிட்டது, இது விடவில்லை.

ஒருமுறை பூங்காவில் வாசித்துக்கொண்டிருந்தபோது பாதிரியார் வந்து உட்கார, டீச்சர் மரியாதைக்குத் தலையசைத்துவிட்டார். மொத்தக் குழுவும் கடைசித் துண்டுக்குத் தாவியது. அப்போதுதான் பாதிரியார் தும்மினார், டீச்சர் மறுபடி தலையசைத்தார், பாட்டே முடிந்துபோயிற்று. “ஃபாதர் ஆசீர்வாதம்க்கா! இல்லேன்னா ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் வீட்டுக்குப் போயிருப்போம்” என்றார் உச்ச சுரத்துக் கோடியில் அடிக்கும் ரொட்டிக்கடை ஒஸ்மின். அன்றிலிருந்துதான் இந்தக் கழுத்துக் கட்டுப்பாடு. அதன் பிறகு சில பயல்கள் எதிரே நின்று பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிப் பார்த்தார்கள். டீச்சர் அசையவில்லை. அந்தப் பயல்கள் யார் யார் என்பது இங்கே தேவையில்லை.

சனிக்கிழமை காலையில் அவரைக் கறிக்கடையில் பார்க்கலாம். மாரிம்பாவின் அடியில் தொங்கும் மரக்குழாய்களில் பன்றிக்குடல் சவ்வு ஒட்டினால்தான் அது வண்டு மாதிரி ரீங்கரிக்கும். டீச்சர் சவ்வை வெளிச்சத்தில் பிடித்து, ஊதி, காதருகே வைத்துக் கேட்பார்.

“டீச்சர், வாத்தியத்துக்கா, வறுவலுக்கா?” என்பார் கடைக்காரர்.

“வாத்தியத்துக்குத்தான்யா. வறுத்தா ஒரு தடவைதான் திங்கலாம்.”

பெர்லினில் அவருடைய இசைத்தட்டு வந்திருக்கிறது. அங்கே ஒரு பத்திரிகை அரைப் பக்கம் எழுதியது. இதைக் கேள்விப்பட்ட அவருடைய தம்பி ஃபெலிசியானோ சொன்னது: “ஜெர்மன்காரனுக்குப் பொழுது போகல, கேக்குறான்.”

தாத்தா செய்த மாரிம்பாவில் கீழ்ச்சுரக் கோடிதான் தம்பியின் இடம். அந்தத் தடித்த கட்டைகளை அவர் அடித்தால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு விலா எலும்பு அதிரும். சித்தி மகள் கல்யாணத்தில் வந்தது வினை. பெண்ணும் மாப்பிள்ளையும் ஆட எழுந்த நேரம் பார்த்து டீச்சர் தன் புதுப் பாட்டைத் தொடங்கினார். துண்டு சுற்றுகிறது, சுற்றுகிறது. தூக்கிய காலை எப்போது வைப்பது என்று தெரியாமல் மாப்பிள்ளை கொக்கு மாதிரி நின்றார். குழம்பில் ஆடை படிந்தது. “கீறல் விழுந்த ரெக்கார்டுக்கு நான் எதுக்கு?” என்று தம்பி கோல்களைக் கட்டைகள்மேல் போட்டுவிட்டுப் போனவர்தான். இப்போது ட்ரம்பெட்டும் ஒலிபெருக்கியும் வைத்த வேறொரு குழுவில் இருக்கிறார்.

டீச்சர் யாரையும் அந்த இடத்தில் நிற்க விடவில்லை. கேட்டால், “அங்க காத்து ஜாஸ்தி, சளி பிடிக்கும்” என்பார். கீழ்ச்சுரமே இல்லாமல் பாட்டுகள் எழுதினார். ஆனாலும் ஒவ்வொரு முறையும் இரண்டு கோல்களைத் துடைத்து அந்தக் கோடியில் வைப்பார். போன மாதம் எழுதிய பாட்டில்தான் கீழ்ச்சுரம் மறுபடி வந்தது. “ஆளே இல்லாம எதுக்குக்கா எழுதுன?” என்று ஒஸ்மின் கேட்டதற்கு, “அவன் இல்லாம எழுதி எழுதி அலுத்துப்போச்சுடா” என்றார்.

அந்தப் பாட்டை முதன்முதலாகப் பூங்காவில் வாசித்தது சென்ற ஞாயிறு மாலை. மூன்றே பேர், கீழ்க்கோடி காலி. இரண்டாவது துண்டு சுற்றிக்கொண்டிருந்தபோது ஷூ பாலிஷ்காரர்களின் பக்கத்தில் ஃபெலிசியானோ வந்து நின்றார். கையில் மக்காச்சோளத் தோலில் சுற்றி அவித்த சுச்சீத்தோ கொழுக்கட்டை. தின்ன வந்தவர் மாதிரிதான் நின்றார்.

டீச்சர் பார்த்துவிட்டார். தலை அசையவில்லை.

துண்டு சுற்றியது. ஐஸ்கிரீம் வண்டிக்காரர் மணியடிப்பதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். முன்வரிசையில் ஒரு குடும்பம் எழுந்து போயிற்று. “அக்கா, கை போகுது” என்று ஒஸ்மின் பல்லைக் கடித்தார். நடுவில் அடிக்கும் அபிகைல், “இது பாட்டா, பிரார்த்தனையாக்கா?” என்றாள்.

“அடி. பேசாம அடி.”

ஃபெலிசியானோ கடைசிக் கவளத்தை விழுங்கினார். தோலைக் குப்பையில் போட்டுவிட்டு, வீட்டுப் பக்கம் நான்கு அடி நடந்தார். நின்றார். பிறகு கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, காலியாக இருந்த இடத்தில் நின்றார். துடைத்து வைத்திருந்த கோல்களைப் பார்த்தார்.

“எங்க நுழையணும்?” என்றார், அக்கா முகத்தைப் பார்க்காமல்.

“எங்க வேணும்னாலும் நுழை. சுத்திக்கிட்டேதான் இருக்கு.”

கோல்களை எடுத்து, எதிரே கிடந்த சுரத்தாளை ஒரு பார்வை பார்த்தார். முதல் அடி தப்பாக விழுந்தது. அடுத்த சுற்றில் சேர்ந்துகொண்டார். பெஞ்சுகள் அதிர்ந்தன. குழாய்களில் புதுச் சவ்வு வண்டுக் கூட்டமாய் இரைந்தது.

ஒஸ்மினுக்கு வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது. “அதான் வந்துட்டாருல்ல! தலைய ஆட்டுக்கா!”

எவெலியா டீச்சர் தம்பியின் முழங்கைக்கு வசதியாக அரை அடி நகர்ந்து நின்றார். கண்களை மூடிக்கொண்டு, அதே துண்டை மறுபடி முதலிலிருந்து அடித்தார்.