இருமிய சுண்டங்கோழி

போன வாரம் கோத்தகிரி பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் போன் அடித்தது. சினிமாப் பாட்டு இல்லை, பறவைக் குரல். "கிர்ரீக்... கிர்ரீக்..." என்று கரகரத்து, கடைசியில் ஒரு இருமல்.

"சுண்டங்கோழிங்க," என்றார் பெருமையாக. "கீழ் கோத்தகிரி ரிசார்ட்டுல குடுத்தாங்க. காட்டுல பதிவு பண்ணுன ஒரிஜினலுங்க."

"கோழி இருமுதுங்களே?"

"குளிருங்க."

குளிராவது! அது பீடி, நண்பரே. என்னுடைய பீடி.

பள்ளிக்கூடத்தில் நான் ஒழுங்காகச் செய்தது பின்பெஞ்சில் உட்கார்ந்து கோழி மாதிரிக் கத்தியது மட்டும்தான். அதற்குத்தான் வெளியே அனுப்பினார்கள். பிறகு அந்தப் படிப்பு தேயிலை ஃபேக்டரியில் கைகொடுத்தது. நானும் ஆரோக்கியமும் ஒரே ஷிப்ட். வேலை முடிந்ததும் எஸ்டேட்டுக்குக் கீழே, ஓடையோரப் புதரில் உட்கார்ந்து பீடி பிடிப்போம். பச்சை இலை வாசமும் உண்ணிச்செடி வாசமும் எங்கள் சட்டையில் கலந்து கிடக்கும்.

இரண்டு வகைக் கோழியும் அங்கே வரும். காட்டுக்கோழிச் சேவல் இருக்கிறதே, அது கல்யாண மாப்பிள்ளை. கட்டைமேல் ஏறி, கழுத்தில் மஞ்சள் பொட்டு மினுங்க, இறக்கையைத் தட்டிக்கொண்டு மலை முழுக்கக் கேட்கக் கூவும். குஞ்சு வளர்ப்பதெல்லாம் பெட்டையின் பாடு. மழைக்காலத்தில் அந்தக் கழுத்துச் சிங்காரம் உதிர்ந்துவிட்டால் வேட்டி அவிழ்ந்தவன் மாதிரி ஒளிந்துகொள்ளும்.

சுண்டங்கோழி வேறு ஜாதி. செங்கல் நிறம், தூங்காதவன் மாதிரி கண்ணைச் சுற்றிச் சிவப்பு. காட்டுக்கோழிக்குச் சண்டை போடக் காலுக்கு ஒரு முள் என்றால் இதற்கு இரண்டு மூன்று. ஆனாலும் தலை காட்டாது, புதருக்கடியிலேயே ஓடும். ஜோடியாகத்தான் திரியும். கொஞ்சம் பிரிந்தாலும் ஒன்றையொன்று கூப்பிட்டுத் தேடிக்கொண்டே இருக்கும்.

"நீ சுண்டங்கோழிடா. நாந்தான் காட்டுக்கோழி. மூஞ்சியப் பாத்தாலே தெரியல?" என்பான் ஆரோக்கியம்.

"தெரியுதுடா. மழை வந்தா உனக்குந்தான் முடி கொட்டுது."

நான் கத்தினால் அந்த ஜோடி என் காலடிவரை வரும். தேய்க்கிற போன் வந்த புதுசில் ஒருநாள் அவன் அதை நீட்டினான். "இன்னொருக்கா கத்துடா. ஊட்டுக்காரிக்குக் காட்டோணும்."

"இந்த எடத்த மட்டும் யாருக்கும் காட்டிராத."

"மாதா மேல சத்தியம்டா."

கத்தினேன். முடிவில் பீடி இருமலும் வந்தது. சிரித்தோம். அப்புறம் அவன் ஃபேக்டரியை விட்டு ரிசார்ட் வேலைக்குப் போனான். ஓடையோரத்தில் கோழிகள் வருவது குறைந்தது. இரண்டுக்கும் முடிச்சுப் போடுகிற அளவுக்கு எனக்கு மூளை இருந்திருந்தால் பள்ளிக்கூடத்திலேயே இருந்திருப்பேனே.

ஒரு ஞாயிறு காலை விறகுக்குப் போனபோது புதருக்குள்ளிருந்து அந்தக் குரல் கேட்டது. திரும்பி வந்துவிட்டார்கள்! நானும் குரல் கொடுத்தேன். பதில் வந்தது. லுங்கி கிழியக் கிழிய, நாலு காலில் தவழ்ந்துபோய்த் தலையை நீட்டினேன்.

எதிரே கேமராவோடு டூரிஸ்ட்டுகள். நடுவில் ஆரோக்கியம், கையில் போன். போன் இருமியது.

"தெரிஞ்சவரா?" என்றார் ஒரு தொப்பிக்காரர்.

"இல்லீங்க சார். வெறகு பொறுக்க வந்த ஆளுங்க," என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

மேலே மேட்டில் காட்டுக்கோழி கூவியது. அவன் சர்ச்சில் ஞாயிற்றுப் பூசையை விட்டுவிட்டு வந்திருந்தான். தெரியாது என்று சொன்ன வாய் மூடுமுன் சேவல் கூவினால் பைபிளில் என்ன அர்த்தமென்று என்னைவிட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். டூரிஸ்ட்டுகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய, எனக்குத் தெரிந்த தொழில் அதுதானே.

போன் குரலை நம்பி, இல்லாத ஜோடியைத் தேடித் தேடியே அந்தக் கோழிகள் அலுத்துப் போயிருக்கும். மிச்சப் புதரையும், உட்கார்ந்து பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று வெட்டிவிட்டார்கள். பார்க்கத்தான் ஒன்றும் இல்லை. காட்டுக்கோழி மட்டும் ரிசார்ட் வாசலில் சிப்ஸ் பொறுக்குகிறது. ஆரோக்கியம் எங்காவது எதிரே வந்தால் நான்தான் இப்போது புதருக்குள் ஓடுகிறேன்.

பஸ்ஸில் மறுபடி அந்த போன் அடித்தது. வாய் சும்மா இருக்குமா? பதில் குரல் கொடுக்கப் பார்த்தேன். முன்பல் போன வாயிலிருந்து காற்றுத்தான் வந்தது. அப்புறம் இருமல், அச்சு அசலாக.

சீட்டுக்காரர் போனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"குளிருங்க," என்றேன்.