மூன்று நாளா, நாலு நாளா

பத்து வயதில் அம்மாவின் கதை எனக்கு மனப்பாடம். அகதிகளாக வந்திறங்கிய நகரத்தில், சென் ஜேம்ஸ் ரவுண் என்ற அடுக்குமாடிப் பகுதியில், பதினேழாவது மாடியில், அம்மாவும் சித்தப்பாவும் நானும் இருந்தோம். அகதி விசாரணைக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. சித்தப்பா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றிய கையோடு, அம்மாவின் கதையாக லோயர் எழுதிக் கொடுத்த ஆறு பக்கங்களையும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் அமர்வார். இந்த ஒத்திகையில் விசாரணை அதிகாரி அவர்தான். அம்மா பதில் சொல்லவேண்டும். பிசகும் இடங்களில் பென்சிலால் மேசையைத் தட்டுவது என் வேலை. பள்ளிக்கூடத்தில் எவரும் என்னிடம் ஒரு பொறுப்பும் தந்ததில்லை. அதனால் இதை மிகுந்த பெருமையோடு செய்தேன்.

“அண்ணி, நீங்கள் ஒண்டைச் சொல்லிப் பேப்பர் வேறொண்டைச் சொன்னா, பொய் எண்டு எழுதிப்போடுவாங்கள். பிறகு மூண்டு பேரும் ஊருக்குத் திரும்பிப் பிளேன் ஏறவேண்டியதுதான்.”

“ஓம், ஓம்” என்பார் அம்மா. பஸ் தரிப்பிடங்களின் பெயர்களைச் சொல்வதுபோல ஒரே குரலில் எல்லாவற்றையும் சொல்வார். மூன்றாம் பக்கத்தில் அப்பா காணாமல் போவார். ஆமி ஊருக்குள் வந்தபோது அம்மாவும் அப்பாவும் மூன்று வயதுக் குழந்தையும் நாலு நாள் ஒளிந்திருந்தார்கள். பிறகு அப்பா தண்ணீர் எடுக்க வெளியே போனார். பிடித்துக்கொண்டு போனார்கள். அந்தக் குழந்தை நான்தான். ஆனால் எனக்கு ஒன்றும் நினைவில்லை. மூன்றாம் பக்கத்துக்கு வரும்போது எனக்குப் பெரும்பாலும் பசி வந்துவிடும்.

அந்த நாட்களில்தான் எங்கள் வகுப்புக்கு ஒரு வயதான யூதப் பெண்மணி வந்தார். ஐரோப்பாவில் நாசிகள் யூதர்களைத் தேடித் தேடிக் கொன்ற காலத்தில், என் வயதில், ஒளிந்திருந்து தப்பியவர் என்று ரீச்சர் சொன்னார். தோட்டம் செய்த ஒரு கமக்காரர் அவரையும் அவருடைய தம்பியையும் வெங்காயம் சேமிக்கும் நிலவறையில் ஒளித்து வைத்திருந்தாராம். சத்தம் போடக்கூடாது என்பதால் இருவரும் வெங்காயத் தோலில் நகத்தால் கீறிக் கீறிப் பேசிக்கொண்டார்களாம். எந்த மாதம் உள்ளே போனார்கள் என்று ஒரு பையன் கேட்டான். “நினைவில்லை, குளிராக இருந்தது” என்றார் அவர்.

எனக்குத் திக்கென்றது. கையை உயர்த்தி, “திகதி தெரியாமல் உங்களுடைய கேஸை எப்படி ஏற்றுக்கொண்டார்கள்?” என்று கேட்டேன்.

ரீச்சரின் முகம் சிவந்துவிட்டது. அந்தப் பெண்மணி மட்டும் கதிரையை என் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் ஆங்கிலத்தில் சொன்னது எனக்கு ஏறக்குறைய இப்படி நினைவிருக்கிறது: “திகதிகள் புத்தகங்களில் இருக்கின்றன, மகளே. என் தம்பி வெங்காயத் தோலில் என்ன எழுதினான் என்பது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். அதைச் சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம்.” பிறகு, எங்கள் வீட்டிலும் யாராவது இப்படிக் கதை சொல்வார்களா என்று கேட்டார். “அம்மா ஒவ்வொரு நாளும் சொல்கிறார், இப்போது பிழை குறைவு” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரம் சித்தப்பா வருவதற்கு முன், அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திகதி தெரியாத ஆள் என்று சற்று இளக்காரமாகத்தான் சொன்னேன். அம்மா பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தார்.

“வெங்காயமோ?” என்றார்.

“ஓம். வெங்காய அறை.”

“வெங்காயமோ பிள்ளை?” என்று திரும்பவும் கேட்டார். கையிலிருந்த மாவோடு கதிரையில் இருந்தார். “நாங்களும் வெங்காயக் கொட்டிலுக்கைதான் கிடந்தனாங்கள். தலைக்கு மேலை பிடி பிடியாக் கட்டித் தொங்கினது. நீ மணத்துக்குத் தும்மிப்போடுவாய் எண்டு உன்ர அப்பா…” அம்மாவின் முகத்தில் நான் அதுவரை காணாத ஏதோ ஒன்று வந்தது. ஏறக்குறையச் சிரிப்பு. “மூண்டு நாளும் உன்ர அப்பா…”

நான் மேசையைத் தட்டினேன்.

“மூண்டு இல்லை அம்மா. நாலு. பேப்பரில நாலு நாள்.”

அம்மா என்னைப் பார்த்தார். “ஓம், நாலு” என்றார். எழுந்துபோய் மீண்டும் மாவைக் குழைத்தார். சித்தப்பா வந்ததும் நடந்ததைச் சொன்னேன். “கெட்டிக்காரி” என்று என் தலையைத் தடவினார். “அண்ணி, கொட்டில், வெங்காயம் ஒண்டும் பேப்பரில இல்லை. உதுகளைச் சொல்லிப்போடாதேங்கோ.”

அம்மா சொல்லவில்லை. விசாரணை அறையில் நாலு நாள் என்றார், திகதிகள் எல்லாம் சரியாக இருந்தன, எங்களை ஏற்றுக்கொண்டார்கள். சித்தப்பா கட்டிடம் முழுவதற்கும் லட்டு கொடுத்தார்.

அம்மா இறந்து இரண்டு வருடமாகிறது. இப்போது என் மகளுக்குப் பதினொரு வயது. அவள் பாடசாலையால் வரப் பத்து நிமிடம் பிந்தினால் நான் வாசலில் நிற்பேன். போன மாதம் குடும்பக் கதை ஒன்றை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். அந்த ஆறு பக்கங்களையும் எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, “பட், அம்மப்பா அங்க என்ன செய்தவர்? லைக், அவ்வளவு நாளும்?” என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. என் வாயைப் பொத்தியிருப்பாரா, என் மூக்கில் துணியை வைத்திருப்பாரா, காதுக்குள் ஏதாவது சொல்லிக்கொண்டிருந்திருப்பாரா? வெங்காயம் உரிக்கும்போதெல்லாம் நின்று, மணத்தை இழுத்துப் பார்க்கிறேன். ஒன்றும் வருவதில்லை. லோயருக்கு அந்தக் கதையைச் சொன்னது சித்தப்பா என்றும், சித்தப்பா அந்தக் கொட்டிலில் இருக்கவில்லை என்றும் பத்து வயதில் எனக்கு விளங்கவில்லை. அங்கே இருந்த அம்மா அன்று என் முன்னால் கையில் மாவோடு இருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் நாலு நாள் என்பது மட்டும்தான்.