பாலுக்குள் ஒரு வேல்

லேசரோடு குப்பை கொட்டியவர்களுக்குத் தெரியும், அது சரியான தொட்டாற்சிணுங்கி. தான் அனுப்பிய வெளிச்சத்தில் துளி திரும்பி வந்து தன் மேலேயே பட்டால் போதும், தடுமாறிவிடும். மற்றவர்கள் அதைத் தடுக்கத் தவம் கிடப்பார்கள். திருத்தணி மலையடிவாரக் கல்லூரியில் நான் ஆராய்ச்சி செய்த காலத்தில், அந்தத் தடுமாற்றத்தையே புள்ளி புள்ளியாகப் பதிந்து, மறைந்து கிடப்பதைப் படமெடுக்கப் பார்த்தேன்.

தினசரி அபிஷேகம்

மறைப்பதற்குப் பால் கலந்த தண்ணீர். உள்ளே வைக்க, மலைப்படியில் வாங்கிய சின்னப் பித்தளை வேல். தினமும் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைப்பேன். பளபளப்பாக இருந்தால் வெளிச்சம் நன்றாகத் திரும்புமாம், என் அறிவு! மாதக்கணக்கில் திரையில் வெறும் மூட்டம்தான்.

ஆய்வக உதவியாளர் முனிரத்தினம் அண்ணன், பள்ளிப்பட்டுக்காரர், எட்டிப் பார்ப்பார். "ஏம்மா, தெனம் பாலாபிஷேகம் பண்ணிகினு கீற, முருகன் இன்னும் கண்ணு தொறக்கலியா?"

கோடுகள்

ஒருநாள் திரையில் அலை அலையாகக் கோடுகள். ஐயோ, எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை! வழிகாட்டிப் பேராசிரியரை இழுத்து வந்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார், ஜன்னல் வழியே தண்டவாளத்தைப் பார்த்தார். தீபாவளிக்குள் படம் வராவிட்டால் தலைப்பையே மாற்றிக்கொள் என்றார். இரண்டு வருஷ உழைப்பு! போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "இது வேல் இல்லம்மா, அரக்கோணம் வண்டி போற அதிர்வு."

ஆயுத பூஜை

பூஜையன்று முனிரத்தினம் அண்ணன் ஆய்வகத்தில் எதையும் விடவில்லை, ஸ்க்ரூடிரைவருக்குக்கூடப் பொட்டு வைத்தார். இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால் என் வேல் முழுக்கச் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. கோபம் என்றால் அப்படி ஒரு கோபம். புளி தீர்ந்திருந்தது. விதியே என்று அப்படியே பாலுக்குள் வைத்தேன்.

திரையில் முதலில் முனை, பிறகு இலை, பிறகு தண்டு. வேல்! பளபளப்பு இத்தனை நாளும் கண்ணாடி மாதிரி வெளிச்சத்தை வேறு பக்கம் தள்ளிவிட்டிருக்கிறது. சொரசொரச் சந்தனம் நாலா பக்கமும் சிதறடித்ததில் துளி லேசருக்கே திரும்பியது. நான் சிரித்துக்கொண்டே அழுதேன். இன்றும் சந்தன வாசனை வந்தால் அந்த அறைக்கே போய்விடுகிறேன்.

அண்ணன் கையெடுத்துக் கும்பிட்டார். "வெறும் பாலு ஊத்துனா போதுமாம்மா? சந்தனம் சாத்தணும், அப்பதான் தரிசனம்!"

ஆய்வேட்டில் 'வேலின் மேற்பரப்பு சொரசொரப்பாக்கப்பட்டது' என்று எழுதி டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டேன். ஆக்கியது யார் என்று ஒரு தேர்வாளரும் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை.