துடைப்ப டெண்டருக்கு மூன்றாவது ஆள்

எனக்கு எதிராகப் போட்டி போட ஓர் ஆள் கிடைக்கமாட்டாரா என்று புதுச்சேரி வெயிலில் நான் ஓடிய முற்பகல் ஒன்று உண்டு. டெண்டர் போடுகிறவர்கள் போட்டிக்கு ஆள் குறைய வேண்டும் என்றுதான் சாமியை வேண்டுவார்கள். நான் இன்னும் ஒரே ஓர் ஆளைக் கொடு என்று வேண்டிக்கொண்டே ஓடினேன்.

நகராட்சியின் துப்புரவுப் பணியாளர்களுக்கு ஓர் ஆண்டுக்குத் தேவையான துடைப்பங்கள் வாங்க விளம்பரம் வந்திருந்தது. தென்னை ஈர்க்கை நீள மூங்கில் கழியில் வைத்துக் கம்பியால் இறுக்கிய, தெரு கூட்டுகிற துடைப்பம். அப்பா கட்டுவது அதைத்தான். அவர் வேலை பார்த்த பஞ்சாலை மூடியபோது மற்றவர்கள் செட்டில்மென்ட் பேச்சு பேசிக்கொண்டிருக்க, அவர் ஈர்க்குக் கட்டுகளோடு வீடு வந்து சேர்ந்தார். மேட்டுப்பாளையத்தில் எங்கள் வாசலே பட்டறை. ஆனால் கடைகளுக்குப் போடுவதில் வாரத்துக்கு மூன்று நாள் வேலைதான் இருந்தது. மீதி நான்கு நாளும் அவர் சும்மா இருக்கத் தெரியாமல் வீட்டையே திரும்பத் திரும்பக் கூட்டினார்.

சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வாட்ச்மேன் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். திங்கட்கிழமை சேர வேண்டும்.

"டெண்டர் கெடச்சா போகல. கெடைக்கலன்னா திங்கக்கெழம நான் கேட்ல நிக்கிறேன்" என்றார். "நீ படிச்சவ. பாரு."

எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். தாண்டியதோடு நிற்காமல் பி.காம். வரை போய்விட்டேன். பதினோரு பக்க ஆங்கிலப் படிவத்தை ஒரே மூச்சில் படித்து முடித்து, "இதுல ஒண்ணும் இல்லப்பா" என்று சொன்னபோது எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது. உரிமம் என் பெயரில், கையெழுத்து என்னுடையது, உறையில் அரக்கு வைத்ததும் நான்தான். விலையை மட்டும் அப்பா சொன்னார். துடைப்பம் ஒன்றுக்குப் பத்தொன்பது ரூபாய் ஐம்பது காசு.

கடைசி நாள் காலை, மாதிரித் துடைப்பத்தோடு டவுன் பஸ்ஸில் ஏறினேன். அது என்னைவிட உயரம். என்னைச் சுற்றி எப்போதும் இல்லாத அளவுக்கு இடம் கிடைத்தது. கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தார்.

"யாருக்கு மா ஒரு டிக்கெட்? ஒனக்கா, அதுக்கா?"

"அதுக்குத்தான் வேலை இருக்கு. நான் தொணைக்குப் போறேன்."

பஸ்ஸே சிரித்தது. அந்த நாள் முழுக்க என் வயிற்றுக்குள் ஓடிய சிரிப்பு அங்கேதான் ஏறியிருக்க வேண்டும்.

நகராட்சி அலுவலகத்தில் மாதிரியில் சீட்டுக் கட்டி வாங்கிக்கொண்ட எழுத்தர், மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"உறைய அவசரப்பட்டு பெட்டியில போடாத மா. மூணு மணி வரைக்கும் டைம் இருக்கு. ஆனா போட்டும் பிரயோஜனம் இருக்குமான்னு தெரியல."

"ஏன் சார்?"

"படிவம் வாங்கினது ரெண்டே பேரு. நீ ஒண்ணு, விழுப்புரத்துக்காரர் ஒருத்தர். மூணு பேர் இல்லன்னா பெட்டியத் தொறக்கவே மாட்டோம். ரீடெண்டர்தான்."

"ரீடெண்டர்னா அடுத்த வாரமா சார்?"

அவர் இரக்கத்தோடு சிரித்தார். "ஃபைல் மேல போயிட்டு கீழ வரணும்ல? ரெண்டு மாசம் ஆவும்."

இரண்டு மாதத்தில் அப்பா எட்டுத் திங்கட்கிழமைகள் கேட்டில் நின்றிருப்பார்.

"படிவம் எப்ப வரைக்கும் சார் விப்பீங்க?"

"ஒரு மணி. வியாபார லைசென்ஸ் உள்ளவங்க யாரு வேணும்னாலும் வாங்கலாம்."

மணி பதினொன்றே கால்.

வெளியே ஜெராக்ஸ் கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே வழி சொன்னார். "சொந்தக்காரன் யாராவது லைசென்ஸ் வச்சிருப்பான் இல்ல? அவன் பேர்ல எச்சா விலை போட்டு நீயே எழுதிப் போடு. எல்லாரும் அப்படித்தான்." எல்லாரும் அப்படித்தான் செய்வார்களாக இருக்கலாம். நான் இரண்டு கையெழுத்துப் போட்டு ஒருத்தியாக ஜெயிப்பதற்கா பி.காம். படித்தேன்? எனக்கு நிஜமான எதிரி வேண்டும். ரத்தமும் சதையுமாக, என்னைத் தோற்கடிக்கத் துடிக்கிற எதிரி.

பெரிய மார்க்கெட்டுக்கு ஓடினேன். முதல் கடைக்காரர், "கவர்மென்ட்டா? சரக்குப் போட்டுட்டு அவன் பின்னாடி நான் நடக்கணுமா?" என்றார். இரண்டாவது கடைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தான் தோற்றுப்போவதற்கு எவ்வளவு தருவாய் என்றார். மணி பன்னிரண்டு ஆகிவிட்டது. மீதி இருந்தது ஒரே ஒரு கடை. அந்தக் கடை வாசலை எங்கள் வீட்டில் யாரும் மிதிப்பதில்லை.

கூடை, முறம், துடைப்பம் விற்கிற அம்மாள் அவர். இரண்டு வருஷத்துக்கு முன், ஈர்க்கு உதிர்கிறது என்று அப்பாவிடம், "உன் தொடப்பம் கூட்டறதுக்கா, கொட்டறதுக்கா?" என்று மார்க்கெட்டே கேட்கக் கேட்டவர். அன்றோடு அப்பா அவருக்குச் சரக்குப் போடுவதை நிறுத்திவிட்டார். மூன்று தூண் தள்ளி அவர் நின்றாலும் அப்பா வேறு வழியாகச் சுற்றிப் போவார்.

"அத்த" என்று போய் நின்றேன். "நகராட்சியில தொடப்ப டெண்டர். நீங்க போடணும்."

"எதுக்கு?"

"எனக்கு எதிரா."

கையிலிருந்த வெற்றிலையைக் கீழே வைத்தார். "வெயில்ல இன்னாடி ஆச்சு ஒனக்கு?"

மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்ப நான் வந்தாத்தான் உங்களுக்குக் கதவே தொறக்கும்?"

"ஆமா."

"ஒங்கப்பன் அனுப்பினானா?"

"அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா என்ன வெட்டிடுவாரு."

அது அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. "நான் ஜெயிச்சுட்டா?"

"நீங்க சப்ளை பண்ணுவீங்க. அப்பா வாட்ச்மேன் வேலைக்குப் போவாரு."

கடைக்குள் கிடந்த பாயைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு மணிக்குக் கடைய சாத்திட்டு நான் தூங்கணுமேடி."

"நாளைக்கு ரெண்டு தூக்கமா தூங்குங்க அத்த."

"மேரிக்குத்தான போவணும்?" என்று எழுந்தார். நகராட்சியை அவர் தலைமுறை இன்னும் மேரி என்றுதான் சொல்லும். மாதிரிக்கு ஒரு துடைப்பம் வேண்டும் என்றேன். இருப்பதிலேயே நல்லதை எடுத்து, ராணி மாதிரி ஒரு உதறு உதறினார். இரண்டு ஈர்க்கு உருவி என் காலடியில் விழுந்தது.

நான் சிரித்துவிட்டேன். அடக்கப் பார்த்தேன், மூக்கு வழியாக வந்தது.

"இன்னா இளிப்பு? தூக்கு அந்தப் பக்கம்!"

கழியின் முன்பக்கம் அவர், பின்பக்கம் நான். முன்னால் போனவர் வெயிலுக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, "ஒத்து, ஒத்து" என்று வழி விலக்கினார். சைக்கிளில் போனவர் இறங்கி நின்று எங்களுக்கு வழிவிட்டார். யாருக்கோ பல்லக்குத் தூக்குகிற மாதிரி அந்தத் துடைப்பத்தைக் கடற்கரைப் பக்கம் கொண்டுபோனோம். சிரிப்பில் என்னால் நடக்கவே முடியவில்லை.

ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மூன்றாவது படிவம் விற்பனையானது. டெபாசிட்டை அங்கேயே கவுண்டரில் கட்டினோம். பிறகு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து நான் அவருக்குப் படிவம் நிரப்பினேன். அவருக்கு எண் தெரியும், கையெழுத்துப் போடத் தெரியும், ஆங்கிலம் தெரியாது. பெயர், விலாசம், உரிம எண் எல்லாம் ஆயிற்று. விலை என்ற இடம் வந்ததும் என் கையைப் பிடித்தார்.

"நிறுத்து. மொதல்ல உன்னுத பெட்டியில போடு. என் கண்ணு முன்னால."

நியாயம்தானே. போட்டேன். உறை உள்ளே விழுந்த சத்தத்தைக் கேட்டுத் திருப்தியோடு தலையாட்டினார். இனி அவருடைய விலை தெரிந்தாலும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் இன்னொன்று எனக்குத் தோன்றவில்லை. என் விலை தெரிந்தால் அவரால் செய்ய முடியும்.

பெஞ்சில் என் எதிரே திரும்பி உட்கார்ந்தார். மார்க்கெட்டில் வருகிறவர் முகத்தைப் பார்த்தே விலை சொல்லிப் பழகிய கண்கள் என் முகத்தில் வந்து உட்கார்ந்தன.

"இருபத்தியொண்ணு" என்றார். எழுதச் சொல்லவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் புரிந்தது. எங்கள் விலை உறைக்குள் இல்லை. என் முகத்தில் ஒட்டியிருக்கிறது. நான் நிம்மதியானால் இன்னும் இறங்குவார், பயந்தால் அதையே எழுதச் சொல்வார். முகத்தை மரக்கட்டை மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"இருபது."

சிரித்தேன்.

"பத்தொம்போது."

ஐயோ, அது எங்களுக்குக் கீழே.  அந்தப் பயமும் சிரிப்பாகவே வெளியே வந்தது, முன்னதைவிடப் பலமாக. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"பதினெட்டு!"

பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். எழுத்தர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏன்டி, எதச் சொன்னாலும் இளிக்கிறியே! ஒரு விலைக்காவது ஒழுங்கா மூஞ்ச வையேன்டி!"

"முடியல அத்த" என்றேன். நிஜமாகவே முடியவில்லை.

"கெரகம்" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு வானத்தைப் பார்த்து, விரல்களில் கணக்குப் போட்டு, "என் கழிக்கும் குச்சிக்கும் எனக்குத் தெரியாதா? இருபதே கால். எழுது" என்றார்.

எழுதினேன்.  எண்ணில் எழுதியதை அவரே பார்த்தார். எழுத்தில் எழுதியது ஆங்கிலத்தில் என்பதால், மற்றதையெல்லாம் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு அந்த ஒரு வரியை மட்டும் எழுத்தரிடம் காட்டிச் சரிபார்க்கச் சொன்னேன். அவர் காட்டவில்லை. "போ, நீ சரியாத்தான் எழுதியிருப்ப" என்று உறையை ஒட்டிப் பெட்டியில் போட்டார். எனக்குச் சட்டென்று சிரிப்பு நின்றுபோனது. பிறகு, நாங்கள் முக்கால் ரூபாய் கீழே என்று உறைத்ததும் மறுபடியும் தொடங்கியது.

ஆனால் விழுப்புரத்துக்காரர் முன்பே பெட்டியில் போட்டிருந்த உறையில் என்ன விலை என்று இரண்டு பேருக்குமே தெரியாது. பெட்டி திறக்கிற மூன்றரை மணி வரை பெஞ்சில் இருந்தோம். தூக்கம் போனவர் என் தோளில் சாய்ந்து சொக்கினார். நான் அசையாமல் உட்கார்ந்து, சாமிக்கு வேண்டுதலை மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பெட்டி திறப்பதைப் பார்க்க விழுப்புரத்துக்காரர் வெள்ளைச் சட்டை, தோல் பையோடு காரில் வந்து இறங்கினார். எங்களைப் பார்த்து, "யாரும்மா நீங்க, கூட்டறவங்களா?" என்றார்.

"ஆமா, ஒன்னத்தான் கூட்டப் போறோம்" என்றார் என் எதிரி, பாதித் தூக்கத்தில்.

அதிகாரி மூன்று துடைப்பங்களையும் தரையில் இழுத்துப் பார்த்து, மூன்றும் சரி என்றார். பெட்டியைத் திறந்தார்கள். வரிசையாக வாசித்தார்கள். விழுப்புரத்துக்காரர், இருபத்திரண்டு. அடுத்தது அத்தை, இருபதே கால். அடுத்தது என் பெயர், பத்தொன்பது ஐம்பது.

நான் குதித்ததாக எழுத்தர் பிற்பாடு சொன்னார். எனக்கு நினைவில்லை. நினைவில் இருப்பது, அத்தை என் கையை இழுத்து அந்த ஒப்பீட்டுத் தாளின் பக்கம் கொண்டுபோனதுதான்.

"என் பேரு எங்கடி?"

விரல் வைத்துக் காட்டினேன்.

"எத்தினியாவது?"

"ரெண்டாவது."

"அந்த வெள்ளச் சட்ட?"

"உங்களுக்கு அப்புறம்."

"காருல வந்தவனுக்கு மேலயா நானு?" என்று கேட்டவர், இப்போது தானும் சிரிக்கத் தொடங்கினார். படிக்கட்டில் இறங்கும்போது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டுதான் இறங்கினோம்.

எதிரே ஒரு ரூபாய் போன். எங்கள் தெரு டீக்கடைக்குப் போட்டு அப்பாவைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வருவதற்குள் இரண்டு ரூபாய் போய்விட்டது.

"அப்பா, நமக்குத்தான்."

 "திங்கக்கெழம நான் போகலன்னு சொல்லிடவா?" என்றார், பள்ளிக்கூடத்துக்கு லீவு கேட்கிற குரலில்.

நான் பதில் சொல்வதற்குள் ரிசீவர் என் கையில் இல்லை.

"யோவ், நான்தான்யா. ஆமா, நானேதான். ஒன் பொண்ணு சிரிச்சே என்னக் கவுத்துட்டா. அது கெடக்கட்டும், அத்தினி தொடப்பத்த நீ ஒருத்தனே எப்பக் கட்டுவ? பாதி என்கிட்ட குடு... இன்னா விலையா? நீ சொல்லு... அடப்போய்யா, அதுக்கு நான் தூங்கிட்டே இருப்பேன்!"

நான் பையைத் துழாவி ஒவ்வொரு ரூபாயாகப் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம் பேசாதவர்கள் இரண்டு வருஷப் பேச்சையும் பேரமாகப் பேசினார்கள். இருபது காசு வித்தியாசத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்போது என் கடைசி நாணயமும் தீர்ந்து லைன் அறுந்தது.

ரிசீவரை ஒருமுறை முறைத்துப் பார்த்து மாட்டினார். முந்தானையை இடுப்பில் செருகினார்.

"மேட்டுப்பாளையத்துக்கு பஸ் எங்கடி நிக்கும்?"