முப்பத்தாறு மூடிகள்

எல்பே ஆற்றங்கரையில் இருந்த ஒரு பீங்கான் பட்டறையில் ரோசினா ஹெம்பல் பெட்டி கட்டுபவள். வைக்கோல் வைத்து அவள் அடுக்கிய எதுவும் வழியில் உடைந்ததில்லை. கணவனை இழந்தபின் இரண்டு பெண்களையும் அந்த வேலைதான் காப்பாற்றியது. அதுவே ஒரு வியாழக்கிழமை கையை விட்டுப் போகப் பார்த்தது.

வடக்கே ஒரு அரசவைக்கு மன்னர் பரிசாக அனுப்பும், பூ வரைந்து மூடி போட்ட முப்பத்தாறு சூப்புக் கிண்ணங்கள் மறுநாள் தூதரோடு படகேற வேண்டும். சூளையில் ஒவ்வொரு கிண்ணமும் மயிரிழை வித்தியாசத்தில் சுருங்கும். அதனால் மூடியை அதனதன் கிண்ணத்தில் வைத்தே தேய்த்துப் பொருத்தி, இரண்டிலும் காவிக்கட்டியால் ஒரே எண்ணை எழுதிவைப்பார்கள். அரசர் வீட்டுச் சாமானில் தூசி இருக்கலாமா என்று ரோசினா எல்லாவற்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டாள். துடைத்த துணி சிவந்த பிறகுதான் உறைத்தது.

மூடி தேய்க்கும் கோட்லோப், ரொட்டியும் வெங்காயமுமாக உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே, நம்பரெல்லாம் கழுவிட்டேன்.”

“நல்லவேளை, பூவையாவது விட்டுவெச்சியே!”

“சிரிக்காதீங்க. க்யூனல் ஐயாவுக்குத் தெரிஞ்சா என் வேலை போச்சு.”

“அழுறதுன்னா அந்தப் பக்கம் திரும்பி அழு. மறுபடியும் கழுவிடப் போற.”

ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். கண்ணை மூடி, ஒவ்வொரு மூடியாக வைத்து ஒரு விரலால் சுற்றிப் பார்த்தார். தவறான மூடி கடகடத்தது. சரியான மூடி சத்தமில்லாமல் வழுக்கிச் சுழன்றது. சாயங்கால மணி அடிக்கும்போது எல்லாம் சேர்ந்துவிட்டன. கடைசி ஜோடி மட்டும் லேசாக ஆடியது. எங்கேயோ ஒன்று மாறியிருந்தது; தேட நேரமில்லை.

மேற்பார்வையாளர் க்யூனலின் விரல் நேராக அதன்மேல்தான் போனது.

“என்ன இது?”

ரோசினா வாயைத் திறப்பதற்குள் கோட்லோப் முந்திக்கொண்டார்.

“நான் சரியா தேய்க்கல, ஐயா. இப்பவே முடிச்சிடறேன்.”

“இருபது வருஷமாச்சு, இன்னும் கை பழகலையா?”

கோட்லோப் தலைகுனிந்து, மூடி தேய்க்கும் மணலைத் தண்ணீரில் குழைத்தார். கால் மணி நேரத்தில் மூடி பொருந்தியது, பெட்டியும் மூடப்பட்டது.

“எதுக்கண்ணே உங்க தலைல போட்டுக்கிட்டீங்க?”

“உன்னைத் தொரத்திட்டா, அடுத்து வர்றவ உடைக்கறதுக்கெல்லாம் நான் புதுசா மூடி தேய்ச்சுக்கிட்டிருக்கணும். போய்த் தொலை, புள்ளைங்க காத்திருக்கும்.”

அன்றிலிருந்து அவர் பெயரைச் சொல்லாமல் ரோசினா சாப்பாட்டு ஜெபத்தை முடித்ததில்லை. கோட்லோப் என்பவர் பைபிளில் வருகிறவர் என்றே சின்னவள் வெகுநாள் நினைத்திருந்தாள்.